ஊர் முன்னே, பெயர் பின்னே

திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையில், வெண்ணாற்றுப் பாசனத்து நெல்வயல்கள் சூழ நிற்கும் கூத்தாநல்லூரை நடுவாக வைத்து, காலையில் வண்டி கட்டிப் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, அதற்குள்ளும் அதன் விளிம்பிலும் தோன்றிய சங்கீத வித்வான்கள், நட்டுவனார்கள், தவில்காரர்கள், நாடகக்காரர்கள், சினிமாக்காரர்கள் ஆகியோருடைய நாமதேயங்களை ஒரு ஜாபிதாவாக எழுதிப் பார்ப்பவர்க்கு முதலில் உண்டாகும் ஆச்சரியம், வித்தைகள் இத்தனை பெருகிய சீமையில் பெயர்கள் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கனமாக வழங்கப்பட்டன என்பதேயாம்.

காரணம் அறிவது கடினமன்று. இந்தப் பிரதேசத்தில் பிள்ளைக்குப் பெயர் இடுவது பெற்றோரின் கற்பனைக்கு விடப்பட்ட காரியமாக இருக்கவில்லை. அருகில் எந்தத் தெய்வம் எழுந்தருளியிருக்கிறதோ அது பெயரைத் தீர்மானித்துவிடும். கிழக்கே திருவாரூர்ப் பெருமான் தியாகராஜர். ஆகவே 1767-இல் அவ்வூரில் பிறந்த ஒரு குழந்தைக்குத் தியாகராஜன் என்று பெயர் வாய்த்தது. அக்குழந்தை பின்னர்த் திருவையாற்றுக்குப் போய்த் தென்னாட்டுச் சங்கீதத்துக்கே குருமூர்த்தியாயிற்று. அதே பெயரோடு 1910-இல் மாயவரத்தில் பிறந்த இன்னொருவர் தமிழ்ச் சினிமாவின் முதற்பெரும் பாட்டுக்கார நாயகராக விளங்கினார். முன்னவரை 'ஸ்வாமிகள்' என்றும் பின்னவரை 'பாகவதர்' என்றும் உலகம் பிரித்துக்கொண்டபடியால் குழப்பம் ஏதும் நேரவில்லை. தென்மேற்கே மன்னார்குடியில் ராஜகோபாலன் வீற்றிருக்கிறான். வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமியின் அருளால் பிறந்தவர் என்பது பற்றியே தீட்சிதர் முத்துசுவாமியானார். கிழக்குக் கடற்கரையில் நாகூரில் சமாதி கொண்ட ஷாகுல் ஹமீது ஆண்டவரின் பெயர், ராவுத்தர், மரைக்காயர் வீடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

அது மாத்திரமா? நாகூர்ச் சந்நிதியில் பிரார்த்தனை செய்துகொண்டு பெற்ற பிள்ளைக்குப் பக்கிரி என்றும் பக்கிரிசாமி என்றும் பெயரிடுவது சோழநாட்டு ஹிந்துக் குடும்பங்களிலும் நெடுநாளைய வழக்கம். அந்தத் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டுவித்தவரே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் என்னும்போது, குடியானவன் வீட்டில் ஒரு பக்கிரி இருப்பதில் வியப்பில்லை. இவ்வழக்கத்தின் பயனாக, மன்னார்குடி என்ற ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே காலத்தில், இசையுலகில் பக்கிரிகள் இருவர் பிரக்யாதி பெற்றார்கள். ஒருவர் நாகஸ்வரம், மற்றவர் தவிலிலிருந்து கொன்னக்கோலுக்கு வந்து அந்த வித்தைக்குத் தனி மரியாதை தேடித் தந்தவர். இருவருக்கும் ஊர் ஒன்றே ஆனதால் ஊர்ப்பெயர் ஒத்தாசைக்கு வரவில்லை. ஒருவரைச் 'சின்னப் பக்கிரி' என்றும் மற்றவரைக் 'கொன்னக்கோல் பக்கிரியா பிள்ளை' என்றும் ஜனங்களே வகை செய்துகொண்டார்கள்.

கூத்தாநல்லூர் இவ்விஷயத்தில் எங்ஙனம் சம்பந்தப்படுகிறது என்று கேட்கலாம். பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன் என்று கடல் கடந்து வாணிபம் செய்து, 'சின்ன சிங்கப்பூர்' என்ற விருதுப்பெயரையும் சம்பாதித்துக்கொண்ட முஸ்லிம் பெருமக்களின் ஊர் அது. (பூந்தோட்டத்துக்கு அருகில் சரஸ்வதி கோயில் உள்ள கூத்தனூர் வேறு, வெளியூரார் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி, விஜயதசமியன்று பிள்ளைக்கு எழுத்தறிவிக்கப் புறப்பட்டுத் தவறான பஸ்ஸில் ஏறுவதற்கு இன்றும் இடமிருக்கிறது.) தெருவுக்குத் தெரு அப்துல் காதர்களும் முகம்மதுகளும் அகமதுகளும் வாழும் அத்தகைய ஊருக்கு, ராங்கூன் தபால் முத்திரையோடு வரும் ஓர் உறையின் மேல் 'அப்துல் காதர், கூத்தாநல்லூர்' என்று மட்டும் எழுதியிருந்தால், தபால்காரர் அதை எந்த வாசற்படியில் வைப்பார்? தந்தை பெயர், பாட்டனார் பெயர், வீட்டுப் பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துக்கள் இரண்டும் மூன்றுமாகப் பெயருக்கு முன்னே அணிவகுக்கும் வழக்கம் இவ்வகையான வியாபார ஊர்களில் வேரூன்றியதற்கு இந்த நடைமுறைத் தேவையே காரணமாகும். 'யூசுப் ஜுலைகா' என்னும் காவியத்தைப் பாடிய கூத்தாநல்லூர்க் கவிஞரின் சொந்தப் பெயர் டி.எம்.எம். அகமது. மூன்று எழுத்துக்களும் போதாதென்று கருதினாரோ என்னவோ, அவர் சாரணபாஸ்கரன் என்று ஒரு புனைபெயரையும் சூடிக்கொண்டார். அந்தப் பெயரில் அவருக்குப் போட்டி எவரும் இருந்ததாகக் கேள்வியில்லை.

ஊர்ப்பெயரைப் பற்றி ஒரு நுட்பத்தை இங்கே சொல்ல வேண்டும். கூத்தாநல்லூரில் வசிக்கும் வரையில் எவரையும் கூத்தாநல்லூரார் என்று அழைப்பதில்லை. கப்பலேறி ராங்கூன் கடைத்தெருவில் இறங்கிய பிற்பாடுதான் அந்தப் பட்டம் கிடைக்கிறது. வித்வான்களின் சங்கதியும் இதுவே. செம்மங்குடியில் இருந்தவரை ஸ்ரீனிவாசன் வெறும் ஸ்ரீனிவாசனே. கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அவர் போன பிறகு, ஆலத்தூர் ஸ்ரீனிவாசர் ஒருவரும் அதே மேடைகளில் ஏறிய பிறகு, குடவாசலுக்கு அருகே உள்ள அந்தச் சிற்றூர் உலகறிந்த ஊராயிற்று. ஊர்ப்பெயரைத் தாங்குவது ஊர்ப்பற்றின் அடையாளம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஊரை விட்டுப் போனதன் அடையாளம் என்று சொல்வதே என் அபிப்பிராயத்தில் அதிகப் பொருத்தமாகும்.

இந்த முறை செவ்வனே வேலை செய்தது என்பதற்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளைகள் மூவரைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் இல்லை. முதலாமவர் திரிசிரபுரம் மகாவித்துவான். 1815-இல் பிறந்து, மாயவரத்திலும் திருவாவடுதுறையிலும் தலபுராணங்களை மழையாகப் பொழிந்து, 1876-இல் மறைந்தவர். வேங்கடராமன் என்ற ஒரு மாணாக்கரைச் சாமிநாதன் என்று வழங்கும்படி செய்து தமிழுலகுக்கு உ.வே. சாமிநாதையரை அளித்தவர். இரண்டாமவர் பந்தநல்லூர் நட்டுவனார். 1869 முதல் 1954 வரை வாழ்ந்து, தஞ்சை நால்வரின் வழிவந்த ஆடற்கலையை ருக்மிணி தேவி, ராம் கோபால் முதலியோருக்குக் கற்பித்து, சதிராக இருந்தது பரதநாட்டியமாக மாறிய காலத்தில் அதன் இலக்கணம் சிதறாமல் காத்தவர். மூன்றாமவர் கூத்தாநல்லூருக்கு மேற்கே கூப்பிடுதூரம் என்று சொல்லத்தக்க நீடாமங்கலத்தின் தவில் வித்வான். 1894-இல் பிறந்து 1949-இல் காலமாகும்வரை, ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்துக்கு ஈடுகொடுத்து, பக்கவாத்தியமாக இருந்த தவிலைக் கேட்பதற்கென்றே கூட்டம் கூடும்படி செய்தவர். உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியரின் சரித்திரத்தை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டபோது, மற்ற இரண்டு மீனாட்சிசுந்தரம் பிள்ளைகளும் கீர்த்தியின் உச்சியில் இருந்தார்கள். நூலின் தலைப்பில் திரிசிரபுரம் என்ற ஊர் இல்லாது போயிருக்குமானால், ஒரு கல்யாண வீட்டுத் திண்ணையில் அதைக் கண்ட ரசிகர் ஒருவர் நீடாமங்கலத்தாரின் ஜீவிய சரித்திரம் வந்துவிட்டதென்று சந்தோஷத்தோடு விலைகொடுத்து வாங்கியிருக்கக் கூடும். கவிதை, நாட்டியம், தவில் என்று மூன்று துறைகளில், ஒரே பெயர், ஒரே 'பிள்ளை' என்ற பட்டம். ஊர் ஒன்றே அவர்களை வேறுபடுத்திற்று.

ஊர் உதவாத இடத்தில் வாத்தியம் உதவியது. வாத்தியமும் உதவாத இடத்தில் வேஷம் உதவியது. கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை பிடில் வித்வான். தேவி பால விநோத சங்கீத சபா என்ற பேர்பெற்ற நாடகக் கம்பெனியை நடத்திய மற்றொரு ராஜமாணிக்கம் பிள்ளைக்கு, பக்த ராமதாஸ் நாடகத்தில் அவர் ஏற்ற நவாப் வேஷமே முன்பெயராக ஒட்டிக்கொண்டு, 'நவாப் ராஜமாணிக்கம்' என்றால்தான் எவர்க்கும் தெரியும் என்று ஆயிற்று. திரை விழுந்து வேஷத்தைக் கலைத்த பின்னும் கலையாத பட்டம் அது.

மணி ஐயர்கள் இருவரின் விருத்தாந்தம் இன்னும் ரசமானது. மதுரை மணி ஐயரும் பாலக்காடு மணி ஐயரும் ஒரே ஆண்டில், 1912-இல் பிறந்தவர்கள். முன்னவர் வாய்ப்பாட்டு, பின்னவர் மிருதங்கம். ஆகையால் ஒரே மேடையில் இருவரும் அமர்வது சர்வசாதாரணம். இருவருக்கும் மணி என்பது பெற்றோர் இட்ட பெயரே அன்று. மதுரைக்காரர் சுப்பிரமணியன், பாலக்காட்டுக்காரர் ராமசுவாமி. இட்ட பெயர்களோடு அவர்கள் மேடையேறியிருந்தால் சிக்கல் எழுந்திராது. செல்லப்பெயர் நிலைத்துவிட்டதனால், கச்சேரி நோட்டீஸில் 'மணி ஐயர் பாட்டு, மணி ஐயர் மிருதங்கம்' என்று போட முடியாமல் இரண்டு ஊர்களும் அச்சேற வேண்டியதாயிற்று. பாலக்காட்டாருக்குத் தஞ்சாவூர் வைத்தியநாதையரே குருநாதர். வித்தை தஞ்சாவூருடையது, பெயரில் நின்ற ஊர் பாலக்காடு. இசையை வாங்கிக்கொண்ட இடத்தை எவரும் பெயரில் எழுதிக்கொள்வதில்லை.

இனி, சினிமாவும் கிராமபோன் இசைத்தட்டும் வந்தபின் நேர்ந்த மாறுதலைப் பார்ப்போம். நாடக நோட்டீஸில் ஊர்ப்பெயரை ஒரு முழ நீளத்துக்கு அச்சிடலாம். இசைத்தட்டின் நடுவே ஒட்டிய உள்ளங்கையளவு வட்டக் காகிதத்தில் பாட்டின் முதலடி, ராகம், தாளம், கம்பெனி முத்திரை, எண் எல்லாம் அடங்கிய பிறகு ஊருக்கு மிஞ்சுவது ஓரெழுத்தின் இடமே. மதுரை 'எம்' ஆயிற்று. 1934-இல் 'பவளக்கொடி'யில் எஸ்.டி. சுப்புலட்சுமியையும், 1938-இல் 'சேவாசதன'த்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியையும் திரைக்குக் கொண்டுவந்தவர் ஒரே டைரக்டர், தஞ்சை ஜில்லா பாபநாசத்துக் கே. சுப்பிரமணியம். நான்கே ஆண்டுகளுக்குள் இரண்டு சுப்புலட்சுமிகளைக் கதாநாயகியாக்கிய அவருக்கு ஈரெழுத்துத் தலைப்பே பெரிய ரக்ஷையாக இருந்திருக்கும். எம்.எஸ். என்பதில் இரண்டாவது எழுத்து தாயார் ஷண்முகவடிவுடையது என்பதையும் கவனிக்க.

நடிகர்களில் டி.ஆர். ராமச்சந்திரன், எம்.ஜி. ராமச்சந்திரன் ஆகிய இருவரும் 1917-இல் பிறந்தவர்கள். 1941-இல் வெளிவந்த 'சபாபதி'யால் முன்னவர் நாடெங்கும் பேர்வாங்கியிருந்தபோது பின்னவர் சில்லறை வேஷங்களில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். அதனால் ஆரம்பப் படங்களில் தம்மை 'ராம்சந்தர்' என்று போட்டுக்கொண்டு அவரே ஒதுங்கி நின்றார். பிற்காலத்தில் யார் யாருக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று என்பதைத் தமிழ் வாசகர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. கூத்தாநல்லூருக்கு வடக்கே நன்னிலம் பக்கத்து நல்லமாங்குடியில் பிறந்த கே. பாலசந்தரும், 'அந்த நாள்', 'பொம்மை' முதலிய படங்களை எடுத்த எஸ். பாலசந்தரும் ஒரே தொழிலில் சந்தித்தார்கள்; நல்ல வேளையாக எஸ். பாலசந்தரின் கையில் வீணை இருந்தது. 'வீணை பாலசந்தர்' என்றவுடன் விஷயம் தீர்ந்தது.

தீராத விஷயம் ஒன்று உண்டு, அதுதான் டி.ஆர். மகாலிங்கம். திருவிடைமருதூரில் மூலவர் மகாலிங்கசுவாமி. அவ்வூரில் 1926-இல் பிறந்து, ஏழு வயதுப் பாலகனாக மயிலாப்பூர் மேடையில் புல்லாங்குழல் வாசித்துப் பெரியவர்களைத் திகைக்கச் செய்தவர் டி.ஆர். மகாலிங்கம். வைகைக் கரையில் சோழவந்தானை அடுத்த தென்கரையில் 1924-இல் பிறந்து, 'ஸ்ரீவள்ளி'யிலும் 'நாம் இருவ'ரிலும் பாடி நடித்து, பின்பு 'திருவிளையாட'லில் பாணபத்திரராகத் தோன்றியவரும் டி.ஆர். மகாலிங்கம். பெயர் ஒன்று; தலைப்பெழுத்து ஒன்று; ஈராண்டு வயது வித்தியாசம்; இருவரும் இசையால் வாழ்ந்தவர்கள். ஸ்ரீனிவாசர்களையும் மணி ஐயர்களையும் காப்பாற்றிய முறை இங்கே அறவே கைவிட்டது. ஏன் என்று ஆராய்ந்தால், குற்றம் ஊர்களுடையது அன்று, எழுத்தினுடையது என்பது விளங்கும். திருவிடைமருதூரின் முதலெழுத்து 'தி'. தென்கரையின் முதலெழுத்து 'தெ'. தமிழெழுத்திலேயே தலைப்பை அமைத்திருந்தால் இருவரும் முதற்பார்வையிலேயே வேறுபட்டு நின்றிருப்பார்கள். இரண்டையும் ஒரே இங்கிலீஷ் எழுத்தில் ஊற்றி, மறுபடி அதைத் தமிழில் 'டி' என்று வார்த்தபோது, காவிரிக் கரையும் வைகைக் கரையும் கலந்துபோயின.

குழல்காரருக்கு 'மாலி' என்ற செல்லப்பெயர் வழங்கியதால் குழப்பம் நீங்கிற்று என்று நினைப்பீர்கள். நீங்கவில்லை. ஆனந்த விகடனில் கோட்டோவியத்தால் தமிழரைச் சிரிக்க வைத்தவரும், தஞ்சாவூரிலிருந்து வந்த கோபாலன் என்ற இளைஞருக்குக் 'கோபுலு' என்று நாமகரணம் செய்தவருமான சித்திரக்காரர் ஒருவர் இருந்தார். அவர் கையொப்பம் மாலி. அவர் முழுப்பெயர் டி.ஆர். மகாலிங்கம். ஆக, ஒரே தலைமுறை கண்ட மகாலிங்கங்கள் மூவர், மாலிகள் இருவர். கடைசியில் 'புல்லாங்குழல் மாலி', 'ஓவியர் மாலி', 'நடிகர் மகாலிங்கம்' என்று, பழைய மன்னார்குடிப் பக்கிரிகளுக்கு ஜனங்கள் செய்த வைத்தியத்தையே மீண்டும் செய்ய நேர்ந்தது.

இது தமிழர்க்கு மாத்திரம் உரிய சங்கடம் என்று எண்ண வேண்டாம். பிரேசில் தேசத்துக் கால்பந்துக் கோஷ்டியில் 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்ஸின்போது ரொனால்டோ கியாரோ என்ற மூத்தவர் ஒருவர் இருந்தபடியால், பின்னாளில் ஜகப்பிரசித்தி பெற்ற ரொனால்டோ அப்பொழுது 'சின்ன ரொனால்டோ' என்று பொருள்படும் ரொனால்டினோ என்ற பெயரோடு ஆடினார். சில ஆண்டுகளில் வேறொரு ரொனால்டினோ வந்து சேரவே, அவரை அவர் பிறந்த தென்கோடி மாகாணத்தைச் சுட்டி 'ரொனால்டினோ காவுஷோ' என்றார்கள். சின்னப் பக்கிரிக்கும் செம்மங்குடிக்கும் வேறு என்ன லக்ஷணம் சொல்ல முடியும்?

விளையாட்டுத் துறைக்கு நம்மவர் போனபோது ஊர்ப்பெயர் முற்றிலும் உதிர்ந்து, தந்தையார் பெயர் மட்டும் எஞ்சியது. அதையும் மேல்நாட்டார் தலைகீழாகப் படித்தார்கள். மயிலாடுதுறையில் 1969-இல் பிறந்த சதுரங்கச் சக்கரவர்த்தியின் சொந்தப் பெயர் ஆனந்த்; விசுவநாதன் என்பது தகப்பனார். இதை அறியாத ஐரோப்பியர் விசுவநாதனைச் சுருக்கி, 'விஷி' என்று தகப்பனார் பெயராலேயே மகனைக் கொஞ்சினார்கள். டென்னிஸில் இதைவிட விசித்திரம். ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் அதே பட்டம் வென்றார். டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியா சென்ற 1966-இல் தந்தையும், 1987-இல் மகனும் கோஷ்டியில் இருந்தார்கள். தலைப்பெழுத்தோடு எழுதினால் இருவருமே ஆர். கிருஷ்ணன். தந்தையின் 'ஆர்' பாட்டனாருடையது, மகனின் 'ஆர்' மகனுடையதே. எழுத்து ஒன்றாயிருக்க அதன் உள்ளுறை முழுவதும் இடம் மாறிவிட்டது. கிரிக்கெட்டில் ரவிச்சந்திரன் அஸ்வினும் முருகன் அஸ்வினும் தமிழ்நாட்டுக்காக ஆடியதோடு, 2016-இல் புனே அணியிலும் சேர்ந்து இருந்தார்கள். இருவரும் சுழற்பந்து வீச்சாளர்கள். ஆட்டக் கணக்கில் 'ஆர்', 'எம்' என்ற தந்தையர் எழுத்துக்கள் இல்லாவிட்டால் எவர் வீழ்த்திய விக்கெட் எவர் கணக்கில் சேரும்?

பழைய முறையைக் கைவிடாதவர்களும் உண்டு. இ.எம். ஹனீபா என்ற தலைப்பெழுத்து இருந்தும், ஜனங்கள் 2015-இல் அவர் மறையும்வரை, மறைந்த பின்பும், நாகூர் ஹனீபா என்றே வழங்குகிறார்கள். 'மகாநதி'யிலும் 'முதல்வ'னிலும் நடித்த மலையாளத்து ஹனீபா தமிழ்த் திரைக்கு வந்தபோது கொச்சின் ஹனீபாவாகவே வந்தார். ஒருவர் பாட்டு, ஒருவர் நடிப்பு. இரண்டு துறைமுகங்கள் அவர்களைப் பிரித்து வைத்தன. ஆனால் திரைப்பாடகர் ஷாகுல் ஹமீது, ஆண்டவர் பெயரைத் தாங்கியிருந்தும், எந்த ஊரையும் முன்னே போட்டுக்கொள்ளவில்லை. 1998-இல் விபத்தில் காலமான அவருடைய பாட்டைத் தேடுவோர், இன்று அதே பெயர் கொண்ட ஆயிரம்பேரைக் கடந்துதான் அவரை அடைய வேண்டியிருக்கிறது.

ஜாதிப்பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கியது தமிழ்நாடு செய்த நற்காரியங்களில் ஒன்று. அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் பட்டம் தாங்கிய பாரமும் சேர்ந்து தலைப்பெழுத்தின் மேல் இறங்கியது என்பதையும், ஓரெழுத்து அவ்வளவு பாரம் தாங்காது என்பதையும் சபா காரியதரிசிகளும் பத்திரிகாசிரியர்களும் உணரவில்லை. ஊர்ப்பெயரில் ஜாதி இல்லை, மதமும் இல்லை. நீடாமங்கலம் என்றால் தவில் என்றும் செம்மங்குடி என்றால் பாட்டு என்றும் அறிந்தவர்கள், அவ்வூர்களில் யார் எந்தத் தெருவில் வாழ்ந்தார்கள் என்று கேட்டதில்லை.

பழைய இசைத்தட்டுக்களையும் நாடக நோட்டீஸ்களையும் திரட்டி ஜாபிதா தயாரிக்கும் அன்பர்கள் இப்பொழுது பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'டி.ஆர். மகாலிங்கம்' என்று மட்டும் குறித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போகாமல், ஊசியை வைத்துக் கேட்டு, குழலாயின் திருவிடைமருதூர் என்றும் குரலாயின் தென்கரை என்றும் ஊரை முழுவதுமாகத் தமிழில் எழுதி வையுங்கள்.